நீ கவனமான ஆள்

நேற்றுப் பிற்பகல் பங்காருபாளையம் மார்க்கெட் அருகே என் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாக நின்றன. ஜன்னல் வழியாகப் பெங்களூரா ரக மாங்காயின் வாசனை வந்தது. பாதி பழுத்த காயும், காம்பில் வடிந்து காய்ந்த பாலும், வெயிலில் சூடேறிய வைக்கோலும் கலந்த வாசனை. பக்கத்து சீட்டுக்காரர் தெலுங்கில் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு காலத்தில் இந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டுதான் நீயும் நானும் அறைக்குத் திரும்புவோம். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மாங்காய் சீசன் ஆகிவிட்டது. இதை நீ படிக்கப்போவதில்லை. ஆனாலும் உன்னைப் பார்த்துச் சொல்வதுபோல் எழுதினால்தான் என் பேனா நேராக ஓடும். வேறு யாருக்கு எழுதினாலும் என்னை நானே கொஞ்சம் நல்லவனாக்கிக்கொள்வேன்.

சித்தூருக்கு வெளியே அந்த மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் நாம் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ புத்தூர்க்காரன், நான் நகரிக்காரன். சுற்றிலும் எல்லாரும் தெலுங்கில் பேச, நீ என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, "துன்னுட்டியா?" அந்த ஒரு சொல்லில் ஊர் தெரிந்துவிட்டது. நான்கு வருடம் ஒரே அறை, ஒரே ஷிப்ட். இடையில் உனக்குக் கல்யாணமாகி, அமுதா புத்தூரில் உன் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை நீ அங்கே ஓடுவாய், திங்கட்கிழமை எனக்கும் சேர்த்து டப்பாவில் சாப்பாட்டோடு வருவாய்.

உன்னைப்போல் வேலையில் கவனமான ஒருவனை நான் பார்த்ததில்லை. மாங்காயைக் கையில் எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாய். லாபில் இருந்தவர்கள்கூட உன்னைக் கேட்டுத்தான் ஒவ்வொரு லாட் சரக்கையும் உள்ளே விடுவார்கள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. கூழைச் சூடாக்கும் இயந்திரத்தின் சூட்டு அளவை அரைமணிக்கு ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது உன் பொறுப்பு. "நான் துன்னுட்டு வந்துடறேன், ஒரு தபா நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் பார்க்கவில்லை. தங்கை கல்யாண விஷயமாக வீட்டிலிருந்து போன் வந்தது, பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். நீ திரும்பி வந்து கேட்டபோது, வழக்கமாக இருக்கும் எண்ணை வாய்க்கு வந்தபடி சொன்னேன். என்னை நம்பி நீ அதை உன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். பத்து நாள் கழித்து, அந்த ஷிப்டில் நிரப்பிய பைகள் எல்லாம் கூழ் கெட்டு உப்பிக் கிடந்தன.

மேனேஜர் அறையில் நம் இருவரையும் நிறுத்திக் கேட்டார்கள். நீ நடந்ததைச் சொன்னாய். அடுத்து என் பக்கம் திரும்பினார்கள்.

"என்கிட்ட சொல்லிட்டுப் போகல சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை, வழி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். வாதாடவும் இல்லை. அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். உன் வேலை போயிற்று, என் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நாம் பேசவில்லை. நான் எனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டேன். அன்று பேசியது நான் அல்ல, என் பயம். தங்கை கல்யாணம் நின்றுவிடுமோ என்று நடுங்கிய ஒருவன். இப்போதிருக்கும் நான் வேறு. இப்படிச் சொல்லிச் சொல்லி நன்றாகத் தூங்கவும் பழகிவிட்டேன்.

நீ திருப்பதியில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து தினமும் பைக்கில் போய் வருவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மழை நாளில் வடமாலப்பேட்டை அருகே பைக் சறுக்கி விழுந்தாய். அடுத்த மாதம் அமுதா எனக்குப் போன் செய்தாள்.

"கால் சரியாயிடுச்சுண்ணா. புத்தூர்ல கட்டுப் போட்டோம். தலைக்குக் கட்டுப் போடத்தான் ஆளு இல்ல. ஆறேழு வருஷமா நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல அவுங்களுக்கு. ஸ்கூல்ல படிச்சது எல்லாம் சொல்றாரு. என்னை யாருன்னு கேக்கறாரு. பழசு எல்லாம் பேசச் சொல்லி டாக்டர் சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன் பேச்ச நிறுத்தினீங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டா, போனது போச்சுன்னு சொல்லிடுவாரு. ஆனா உங்க அளவுக்கு அவரோட இருந்தவங்க யாரும் இல்லண்ணா."

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றாய். நான்கு வருடம் என்னை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவன். உட்கார்ந்தேன். என்னை நான் அறிமுகப்படுத்திக்கொண்டேன். உன் முகத்தில் எந்தப் பழைய நிழலும் இல்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும்: துக்கத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அன்று உண்மையில் நடந்தது தெரிந்தவன் இனி உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன். நம் அறையைப் பற்றி, நீ வைத்த மிளகு ரசத்தைப் பற்றி, காளஹஸ்தி போகும் வழியில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். நீ ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாய். ஒருநாள் நோட்டை மூடிவிட்டு, "நீங்க சொல்ற ஆளு நல்ல ஆளாட்டம் கீறான். ஆனா அவன்தான் நான்னு எனக்குத் தோணவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டுக்காரன் கதையைக் கேக்கற மாரி கீது" என்றாய். இன்னொரு நாள், "கோவம் வந்தா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டாய். பேசாமல் இருந்துவிடுவாய் என்றேன். எனக்கு அது எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை.

நீ அடிக்கடி எழுந்து உள்ளே போய் வருவதைக் கவனித்தேன். அமுதாவிடம் கேட்டேன். "கேஸ் மூடியிருக்கான்னு பாக்கறாருண்ணா. ஒரு நாளைக்கு இருவது தபா பாக்கறாரு. கதவுப் பூட்டையும் அப்பிடித்தான். வெளியே வேலைக்குப் போகவும் பயப்படறாரு" என்றாள்.

அந்தக் கோடையில் அமுதாவின் அண்ணன் ஒரு கூடை மாங்காய் கொண்டுவந்து வைத்திருந்தார். நீ பேசிக்கொண்டே ஒன்றை எடுத்தாய். காம்புப் பக்கம் கட்டைவிரலை வைத்தாய், மூக்கருகே கொண்டுபோனாய். "இன்னும் ரெண்டு நாளு" என்றாய். சொன்னபின் உன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"எனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"அதுதான் உன் வேலை. நீ சொன்னாத்தான் லாட்டே உள்ளே போகும்."

"அப்போ ஏன் அந்த வேலையை உட்டேன்?" நான் பதில் சொல்வதற்குள் நீயே சொன்னாய்: "எனக்குத் தெரியும். அமுதா சொல்லிட்டா. ஃபேக்டரில யாரோ அவகிட்ட சொன்னாங்களாம். நான் அஜாக்கிரதையா இருந்து சரக்கெல்லாம் கெட்டுப்போச்சாம். அதான் பயம். மத்ததெல்லாம் மறந்துபோச்சு, அந்தக் குணம் மட்டும் எனக்குள்ளயே இருக்குமில்ல? என்னிக்காவது கேஸைத் தொறந்து உட்டு இவளைக் கொன்னுடுவேனோன்னு கீது."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் சொன்ன ஒரு பொய், மேனேஜர் அறையைத் தாண்டி, ஒரு வருடத்தைத் தாண்டி வந்து, தன்னை யாரென்று தேடிக்கொண்டிருந்த ஒருவன் கையில் பதிலாகப் போய்ச் சேர்ந்திருந்தது. எழுந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, அளவைப் பார்க்காதது, வாய்க்கு வந்த எண், "என்கிட்ட சொல்லிட்டுப் போகல சார்." அமுதா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீ கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியது அல்ல.

"அப்போ நான் கவனமான ஆளா?"

"ஆமா. உன்னை மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல."

நீ முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாய். தோள்கள் குலுங்கின. அழுகிறாய் என்று நினைத்தேன், கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தாய்.

"என்னை மன்னிச்சிடு" என்றேன். "அப்போ இருந்தவன் வேற. பயந்துகினு இருந்தான். நான் இப்போ அந்த ஆளு இல்ல."

நீ தலையாட்டினாய். சம்மதமாக அல்ல. "அப்போ இருந்தவன் வேறன்னு நான் சொல்லலாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்க சொல்லக் கூடாது. அந்த ரூமு, அங்க நின்னது, பேசினது, எல்லாம் உங்களுக்குள்ள கீதே. அப்புறம் அது நீங்க இல்லாம யாரு?" பிறகு சொன்னாய்: "மன்னிக்கிறது எனக்கு ஈஸி. எனக்கு வலிக்கவே இல்லியே. வலிச்சவன் இப்போ இல்ல. அவன் பேர்ல நான் எப்பிடி மன்னிக்கிறது? அவனுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிடுங்க. அவன் பேரு அங்க கெட்டுக் கெடக்குது."

அமுதா அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு மாதமும் பேசவில்லை. கதவைத் திறப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள்.

மறுநாளே மேனேஜரிடம் போனேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்புடா செப்பேதி?" என்றார். இப்போதா சொல்வது என்று அர்த்தம். உனக்குப் போன் செய்யும்படி மட்டும் கெஞ்சிக் கேட்டேன். செய்தார். தமிழ் அவருக்கு வராது. "தப்பு மீதி காதய்யா" என்று இரண்டு முறை சொன்னார், தப்பு உன்னுடையது அல்ல என்று. நீ ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதாகவும், அமுதாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டதாகவும் பிறகு சொன்னாய். அந்த மாதமே என் வேலை போயிற்று. வெதுருகுப்பம் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ந்தேன். முன்பைவிடச் சின்ன வேலைதான். அங்கே என்னை நானே சகித்துக்கொள்ள முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. நீ கேஸைப் பார்ப்பது இருபதிலிருந்து மூன்று நான்காகக் குறைந்தது. பழைய நோட்டை எடுத்துவைத்துவிட்டாய். "அவன் கதை போதும். நாம பேசலாம்" என்றாய். ரேணிகுண்டாவில் ஒரு பழக்கடையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாய். உனக்கு மகள் பிறந்தாள். எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பழைய 'டேய்' மட்டும் கடைசிவரை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அது வேறொருவன் என்னிடம் பேசியது, அவனுக்கு நான் செய்தது செய்ததுதான்.

தலையில் பட்ட அடிக்கு வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். அமுதாவின் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், நான் அழுவதைப் பார்த்து, "நீ யாருப்பா? பையனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். பாயில் உட்கார்ந்திருந்த அமுதா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவுங்களுக்கு ரெண்டு தபா சிநேகிதம் ஆனவரு."

பெரியவருக்குப் புரியவில்லை. ஒருவனிடம் ஒருமுறை தோற்றுப்போனவனுக்கு, அவனிடமே இன்னொரு முறை நண்பனாக இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்த நிமிடம்தான் முழுதாக உறைத்தது. அந்த இடத்தை நீ எனக்குச் சலுகையாகத் தரவில்லை. நான் யார் என்பதை நானே எடுத்துச் சுமக்க வைத்துவிட்டுத் தந்தாய். அதற்குத்தான் நன்றி.

உன் மகளுக்கு இப்போது மூன்று வயது. பேச்சு தெளிவாக வருகிறது. போன ஞாயிறு அமுதா என்னிடம் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாள்ல நைனா எப்பிடி இருந்தாருன்னு கேப்பாண்ணா. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன். ஃபேக்டரில இருந்தத நீங்கதான் சொல்லணும். உங்க தப்பையும் சேத்துச் சொல்லுங்க. அத உட்டுட்டா அவ நைனா யாருன்னு அவளுக்குத் தெரியாமலே பூடும்."

சரி என்று தலையசைத்தேன். அந்தக் குழந்தை என் மடியில் உட்கார்ந்து, என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. இப்போது என்னை 'மாமா' என்கிறாள். எல்லாம் கேட்ட பிறகும் அப்படியே கூப்பிடுவாளா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவள் கேட்கும் நாளில் நான் ஊரில் இருப்பேன்.