பன்னிரண்டாவது முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையைச் சாப்பிடுகிறாரா, இல்லை தலையணைக்கடியில் ஒளிக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பதும் என் வேலைதான். போன மாதம் மேற்பார்வையாளர் வேறொருவன் அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். "சார், இது என்னுது இல்ல" என்றேன். "உங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணுதானே, போட்டுக்கிட்டுப் போ" என்றார். எட்டு நாள் இன்னொருவன் பெயரோடு நடமாடினேன்.

மனசு ஆறவில்லை அம்மா. எங்கள் ஷிப்டில் வேலை செய்கிற பதினொரு பேர் முகங்களையும் கணினியில் கண்ணுக்குக் கண், வாய்க்கு வாய் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு ஒரே முகமாக்கினேன். பன்னிரண்டாவதாக மேற்பார்வையாளர் முகத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சேர்த்தேன். அதை அச்செடுத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன்.

சாப்பாட்டு நேரத்தில் வந்த மேற்பார்வையாளர் அதை முறைத்துப் பார்த்தார். "யாருடா இவன்? திருட்டு முழி முழிக்கிறான். நாளைக்கே என் ரூமுக்கு அனுப்பு!"

எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தினமும் கேட்கிறார். "வேற ஷிப்டு சார்" என்கிறேன்.

உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள், தலை சாயாமல் நேராகப் பார்த்தபடி. என் முகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்ப நீளமாக இருக்கின்றன.

மணி அடித்துவிட்டது. இன்று மேற்பார்வையாளர் அறையிலுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். அவர் தேடுகிற ஆள் தினமும் காலையில் அதில்தான் வந்து நிற்கிறான்.

உங்கள் மகன்