புடவை பார்க்க நிற்பது

புதன்கிழமை, இரவு.

பிறவியிலேயே இதயநோயோடு வளர்ந்தவர்களுக்கான மருத்துவரைப் பார்க்க நானும் அம்மாவும் இன்று முதல் முறையாகச் சென்னை போனோம். எனக்குச் சின்ன வயதில் செய்த ஆபரேஷனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அம்மா நம்பியிருந்தாள்.

"நடந்தா மூச்சு வாங்குதா?" டாக்டர் என்னைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இல்ல டாக்டர். பட்டுக் கடையைக் கண்டா புடவை பாத்துக்கினு நின்னுடுவா, அவ்ளோதான்."

"புடவை பாக்கலம்மா. மூச்சு முட்டுது, அதான் நிக்கிறேன்."

எல்லாவற்றையும் நானே சொன்னேன். வால்வு கசிகிறதாம். அடுத்த வாரம் ஸ்கேன். அங்கேயும் நானே பேசுவேன்.

ஊர் வந்து இறங்கியதும் அம்மா முன்னால் நடந்தாள். முதல் பட்டுக் கடை முன் நின்று என்னிடம் சொன்னாள்.

"நில்லுமா, புடவை பாக்கலாம்."

கடையில் ஷட்டர் இறக்கியிருந்தது.