காரணம் சொல்லிவிட்டு அழுத்து

இன்று காலை திரை கடவுச்சொல் கேட்டது. ‘சுடோ’ என்று தொடங்கி ஒரு கட்டளை கொடுத்திருந்தேன். நிர்வாகி அதிகாரத்தைச் சற்று நேரம் கையில் தருமுன், கேட்பது யார் என்று கணினி உறுதிசெய்துகொள்ளும் வழக்கமான கேள்விதான். கடவுச்சொல்லைத் தட்டினேன். என்டரை மட்டும் அழுத்த முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் நாம் இருவரும் நடத்திய ஒற்றை அறை அலுவலகத்தில் நீ போட்ட சட்டம் அது. நிர்வாகி அதிகாரம் எடுப்பவர், எதற்கு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே என்டரைத் தொடவேண்டும். நாம் ஜெபம் செய்கிறோம் என்றே கீழ்வீட்டுத் தையல்காரர் கடைசிவரை நம்பினார். நான் முனகினால் நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய்.

“முசே, காதுல விழல. மெஷினுக்கும் விழுந்திருக்காது” என்பாய். புதுச்சேரிப் பிரெஞ்சில் ‘ஐயா’ என்று என்னைக் கிண்டலாக அழைப்பது உன் வழக்கம்.

நான் நீக்கப்போனது, திரையில் எழும்பும்படி நீ எழுதிய கேள்விப் பெட்டியை. நாம் மென்பொருள் எழுதிக்கொடுத்த மீன் ஏற்றுமதிக் கம்பெனியில், குமாஸ்தா பதிவான எடையைத் திருத்தப்போனால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை, இவர்களுக்கு உண்டு’ என்று பெயர்களைக் காட்டி, அவர்களில் ஒருவரின் கடவுச்சொல்லைக் கேட்குமே, அது. அதற்கு முன் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். குருசுக்குப்பத்துப் படகுக்காரர்கள் கொண்டுவந்த மீனின் எடை யார் கையால் குறைந்தது என்று எவருக்கும் தெரியாது.

நீ போன பிறகு, அந்த யோசனைக்கு அமெரிக்காவில் யாரோ காப்புரிமை வைத்திருப்பதைக் கம்பெனி வக்கீல் கண்டுபிடித்தார். சுடோ நாம் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இருந்தது என்றேன். பெயர்களைக் காட்டுவதுதான் புதுமை என்றார். அதுவும் இலவச மென்பொருள்களில் இருந்தது, நீ அதைப் பார்த்துத்தான் எழுதினாய் என்றேன். அப்படியானால், ‘மேனேஜரைக் கேளுங்க’ என்று வழிமறிக்கும் கம்பெனி வாட்ச்மேனும் உரிமத்தொகை கட்டவேண்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் காப்புரிமை இங்கே செல்லாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் மீன் வாங்குபவர் அமெரிக்கர் என்பதால் பயப்படுவது நல்லதாம்.

கம்பெனி முதலாளிக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. “எதுக்கு சார் வம்பு? பொட்டிய எடுத்துடுங்க. பழையபடி ஒரே பாஸ்வேர்டு எல்லாருக்கும் குடுத்துட்டாப் போச்சு.”

அதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன். என்டருக்கு மேல் விரலை வைத்தபடி, காலியான உன் நாற்காலிக்கும் கேட்கும்படி காரணத்தைச் சொன்னேன்: “எடையத் திருத்துனது யாருன்னு இனிமே தெரியக்கூடாது. அதுக்காக.”

இந்த முறை காதில் விழுந்தது.

கட்டளையைக் கைவிட்டு முதலாளிக்குப் போன் போட்டேன். பெட்டியை எடுப்பதென்றால் அவரே வந்து, காரணத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, அவர் விரலாலேயே என்டரைத் தட்டட்டும் என்றேன்.

மாலையாகிவிட்டது. இன்னும் வரவில்லை.