நோன்பு மாதத்து மாத்திரை

9-7-84, திங்கள்.

உடம்பு அசதியாக இருக்கிறது. பாரீஸிலிருந்து அண்ணன் எழுதிய கடிதத்தை இன்று புதுச்சேரி டாக்டரிடம் காட்டினோம். அங்கே இரைப்பையைச் சின்னதாக்கி எடையைக் குறைக்கிறார்களாம், என்னை வரச் சொல்கிறார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "தைராய்டு ரொம்பக் கம்மியா இருக்கும்மா. இது சரியாகாம ஆபரேஷன் கூடாது. மாத்திரை தவறாம போடுறீங்களா?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஒரு நாள்கூட வுட மாட்டா டாக்டர்."

அதுவரை தினம் ஒன்றே போதுமாக இருந்தது; இப்போது முடிந்த நோன்பு மாதம் முழுக்க நான் அதைத் தொடவில்லை. வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. பகலில் போட்டால் நோன்பு முறிந்துவிடும். விடியுமுன் சகர் சாப்பாட்டுக்கு எழுந்தால் எல்லோருக்கும் சோறாக்கவே நேரம் சரியாகிவிடும். நோன்பை விடவும் முடியாது. போன வருஷம் விட்டதற்கு, "தின்னு தின்னுதான் இப்பிடி ஊதிட்டா" என்றார் மச்சி, என் வீட்டுக்காரரின் அக்கா.

வீட்டுக்காரர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு நானும் தலையாட்டினேன். "அப்ப இந்த அளவு பத்தல" என்று டாக்டர் ஒன்றை இரண்டாக்கிவிட்டார்.

எங்கள் ஊர் வில்லியனூர் வரும்வரை பஸ்ஸில் பாஸ்போர்ட் பேச்சுதான். "இனிமே மாத்திரைய நானே எடுத்துக் குடுக்குறேன்" என்றார். சொன்னால் செய்கிறவர். விடிந்ததும் தண்ணீரோடு வந்து நிற்பார், கையில் இரண்டு மாத்திரையோடு.