இனிப்பு நீர் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு, சிகாமட்டில் எல்லாரும் சுகம்தானே? முட்டிவலி குறைந்ததா?

சுங்கைப் பட்டாணியில் நான் நலம். போன வாரம் பள்ளியில் லேசாக மயங்கி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். நான் அடிக்கடி கழிவறைக்குப் போவதைப் பார்த்து, "இது இனிப்பு நீர்தான்லா அக்கா, தண்ணிய கொறைச்சிக்குங்க" என்று என்னோடு பாடம் நடத்தும் ஷாமளா டீச்சர் சொன்னதை நம்பித் தாகத்தை அடக்கியிருந்தேன். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை நோயே இல்லையாம். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்காத அரிய நோய் என்றார் மருத்துவர். மாத்திரை உண்டு. உப்பைக் குறைத்து, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பும் ஊறுகாய் இனி வேண்டாம். காலிப் பாட்டிலையாவது அனுப்புங்கள், மேசையில் இருக்கட்டும்.

பரம்பரையாக வருவதாம். அதைக் கேட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தம்பி ஹேமநாதனும் என்னைப் போலத்தானே ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான்? அவனையும் சோதிக்கச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்திருப்பானென்று நீங்கள் ஒளித்துவைக்கும் தண்ணீரை இன்றே அவன் தலைமாட்டில் வைத்துவிடுங்கள், அம்மா.

மணி அடிக்கிறது, வகுப்புக்கு ஓடுகிறேன்.
மோகனா