இனி உன் கை பேசட்டும்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. பத்து மணிக்கு இலவச சட்ட உதவி வக்கீலம்மா உன் போனில் வீடியோவில் வருவார். உனக்குக் காது கேட்காதது அவருக்குத் தெரியும். அவர் பேசப் பேசத் திரையில் எழுத்தாக ஓடும். டிவியில் செய்தி வாசிப்பவரை வைத்துச் சோதித்துவிட்டேன். பதிலை நீ டைப் செய்தால் போதும். பட்டறை வேலையிலிருந்து உன்னை எப்படி வெளியே தள்ளினார்கள் என்பதை முதலில் சொல். புரியாவிட்டால் திரும்பக் கேள், வெட்கப்படாதே.

நேற்று, "எனக்கு வாய்தானே இல்ல, கை இருக்குல்ல?" என்று கையாலேயே கத்தினாய். சுருக்கென்றுதான் இருந்தது. அதனால்தான் லீவு போடாமல் வேலைக்குக் கிளம்புகிறேன். வீட்டில் இருந்தால் மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடியாது.

அக்கா

போனை டம்ளரில் சாய்த்து வை, ஆடாது. சார்ஜர் ஜன்னலோரம்.

இன்னொன்று. இதுவரை போன ஆபீஸில் எல்லாம், நீ கையால் திட்டியதில் பாதியை முழுங்கிவிட்டு, "தம்பி பணிவா கேட்டுக்கிறான்" என்றுதான் உனக்காகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்காவது முழுசும் போய்ச் சேரட்டும்.