அக்கா சொன்ன விலை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் மனைவியும் சின்னவளும் நலந்தானே? போன மாதம் வருகிறேன் என்றாய், வரவில்லை. வேலை இருந்தது என்று கதை விடாதே. உனக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும்தான் இல்லை. கடைக்காரர்கள் போர்வை, தலையணை உறை என்று வாய் திறந்து மூன்று மாதமாகிறது. பன்னிரண்டு மெஷினில் நாலுதான் ஓடுகிறது. கட்டிங் மாஸ்டர் காலையில் வந்து கத்தரிக்கோலைத் தீட்டுகிறார், சாயங்காலம் மறுபடி தீட்டுகிறார். இப்படியே போனால் அது தேய்ந்து ஊசியாகிவிடும் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பெரியாஸ்பத்திரியில் நாலாயிரம் படுக்கை விரிப்புக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் என் கண்ணில் பட்ட ஒரே பெரிய வேலை. கிடைத்தால் பதினொரு பெண்களையும் ஆறு மாதம் வைத்துக் காப்பாற்றிவிடுவேன். இல்லையென்றால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று பேராவது விலை போடாவிட்டால் டெண்டரையே ரத்து செய்துவிடுவார்கள். அதனால் வழக்கம்போல ஒன்று நான், ஒன்று பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தாடிக்காரர், ஒன்று நீ. நான் ஒரு விரிப்புக்கு 212 போடுகிறேன். நீ 230 போடு, தாடிக்காரர் 250 போடுவார். இதெல்லாம் சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் நம்மைப் போன்ற சின்னவர்களுக்கு எந்த அலுவலகத்தில் வேலை நடந்திருக்கிறது, சொல். டெண்டரோடு கட்ட வேண்டிய உன் முன்பணத்தை எப்போதும்போல நானே அனுப்பிவிடுகிறேன். கவர் போய்ச்சேரக் கடைசி நாள் 28.

போனில் மட்டும் பேசாதே. போன வருஷம் ஒருத்தர் போனில் அனுப்பிய விலை அப்படியே அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது. பஸ் பார்சலில் கடிதம் வை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. சின்னவளுக்கு நீ வைத்திருந்த சட்டை கச்சிதமாக இருக்கிறது. ராத்திரியும் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

என் கதையைக் கேட்டால் உனக்கு இன்னும் வருத்தம்தான். ஆறு மெஷினில் இரண்டை விற்றுவிட்டேன். இருந்த மூன்று தையல்காரர்களும் போய்விட்டார்கள், நானே நிறுத்திவிட்டேன் என்று சொல்வதுதான் சரி. மூன்று மாதமாக ஒரு மீட்டர் துணி வாங்கவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறேன். போன வாரம் சின்னவள் கேட்டாள், "அப்பா, உங்க கடைக்கு மட்டும் ஏன் எப்பவும் லீவு?"

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. டெண்டர் விஷயத்தைச் சொன்னதும் இவள், "உங்க அக்காவுக்காக இன்னும் எத்தனை தடவை தோத்துக் கொடுப்பீங்க?" என்றாள். நீயும் எனக்காக இரண்டு தடவை தோற்றிருக்கிறாய் என்று சொன்னேன். அவள் எண்ணிக்கையில் அது வரவில்லை. கஷ்டத்தில் பேசுகிறாள், மனதில் வைத்துக்கொள்ளாதே.

230 போட்டுவிடுகிறேன். முன்பணம் நீ அனுப்ப வேண்டாம். மாமனாரிடம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்போதும் உன் கையையே எதிர்பார்ப்பது எனக்கும் கூச்சமாக இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சின்னவள் கேட்ட கேள்வியிலேயே நின்றுவிட்டேன். இவ்வளவு நாள் இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாயே, நான் எதற்கு இருக்கிறேன்?

இன்றைக்கு நீளமாக எழுத நேரமில்லை. ஒன்றே ஒன்று. 230 என்றால் 230தான். ஒன்றுகூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏன், எதற்கு என்று கேட்காதே. பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ ஒழுங்காகக் கேட்டதில்லை, இந்த ஒரு தடவை கேள். கவரை ஒட்டும் முன் மறுபடி எடுத்துப் பார்.

உன் மனைவி மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நேற்று கவர்களைப் பிரித்தபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். நீ முன்னால் மாஸ்டரோடு உட்கார்ந்திருந்தாய். குமாஸ்தா என் பெயரைப் படித்து 209 என்றதும் நீ திரும்பவில்லை. உன் தலை மட்டும் கொஞ்சம் குனிந்தது. அதற்கு மேல் உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆமாம், குறைத்துப் போட்டேன். நீ சொன்ன 212-ஐ வைத்துக்கொண்டே குறைத்தேன். முன்பணத்தை உன்னிடம் வாங்காததும் அதற்காகத்தான். ஆனால் கடைசி வரை மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது, சத்தியம். கவரில் முதலில் 230 என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. ஒன்றுகூடக் குறைக்காதே, மறுபடி எடுத்துப் பார் என்று எழுதியிருந்தாய். என்னைச் சந்தேகப்பட்டுவிட்டாள், இனி நல்லவனாக இருந்து என்ன என்று தோன்றியது. அந்தக் கோபத்திலேயே வேறு தாள் எடுத்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. உன் விலை 236 என்று படித்தார்களே. நீ 212 என்றுதானே சொன்னாய்? என்னிடம் ஏன் மாற்றிச் சொன்னாய்?

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

மாற்றிச் சொல்லவில்லை. 212 என்று எழுதிய அன்றைக்கு அதுதான் என் விலை. பதினைந்தாம் தேதி மில்காரன் துணி விலையை ஏற்றிவிட்டான். ஒரு விரிப்புக்கு 170-க்கு வந்த துணி இப்போது 187. தையல் கூலி 31 சேர்த்தால் அடக்கமே 218. மூன்று மாதமாகத் துணி வாங்காத உனக்கு இது எப்படித் தெரியும்?

அதே வாரம்தான் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன். இந்த வேலை தம்பிக்குப் போகட்டும், நான் 236 போட்டுவிடுகிறேன், அவனுடைய 230 கீழே நிற்கும் என்றேன். 230-இல் உனக்குக் கை கடிக்காது, நாலு காசு மிஞ்சியும் இருக்கும். மாஸ்டர், "உங்க இஷ்டம்மா" என்று எழுந்து போய்விட்டார். அதனால்தான் ஒன்றுகூட மாற்றாதே என்று அடித்து அடித்து எழுதினேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் நீ வாங்கியிருக்க மாட்டாய். சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்பியதையே, பிச்சை போடுகிறாயா என்று திருப்பி அனுப்பியவன் நீ.

ஒன்றாம் தேதியே ஆறு பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டேன். டெண்டர் எனக்கு வராது என்பது எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும்தானே தெரியும். பொய் சொல்ல மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். ஓரம் அடிப்பவள், மூன்று பிள்ளைக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க தம்பிக்குத்தானேக்கா, பரவாயில்ல." அவள் முகத்தில் இப்போது நான் எப்படி விழிப்பது?

துணி விலையை உன்னிடம் சொல்லாதது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் உனக்குக் கொடுத்துவிட்டதை நீ திருடியிருக்கிறாய், தம்பி. திருடியும் உனக்கு ஒட்டவில்லை. அந்த அறையில் 209 என்று கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாலாயிரம் விரிப்பிலும் இவன் கையை விட்டுக் கட்ட வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. இன்னும் போகவில்லை.

இப்போதைக்கு இங்கே வராதே.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய், விலை தப்பாகப் போட்டுவிட்டேன், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கிற வேலை. விலகினால் மாமனார் கொடுத்த முன்பணம் போய்விடும், மூன்று வருஷத்துக்கு எந்த டெண்டரிலும் பெயர் கொடுக்க முடியாது. "கையெழுத்து உங்களுதுதானே?" என்று மட்டும் கேட்டார் அதிகாரி. வேறு வழியில்லை, நஷ்டத்தோடு செய்தாக வேண்டும்.

தொண்ணூறு நாளில் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது நாலு மெஷின், தைக்க ஆள் இல்லை. கேட்க வெட்கமாக இருந்தாலும் உன்னைத்தான் கேட்க முடியும். பாதியை நீ தைத்துக் கொடுப்பாயா? என்ன கூலி சொன்னாலும் சரி. வேண்டாம் என்றாலும் சரி, அதை நாலு வார்த்தை திட்டி எழுது. உன் கடிதத்தில் அன்புத் தம்பி என்று இல்லாததை நான் பார்த்தேன் அக்கா.

உன் தம்பி


ஏப்ரல் 22

ஐயா,

பொருள்: படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பதற்கான விலை.

தங்கள் ஏப்ரல் 15 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. இரண்டாயிரம் விரிப்புகளைத் தைத்துத் தர எங்களுக்குச் சம்மதம். துணியைத் தாங்களே வாங்கி அனுப்ப வேண்டும். தையல் கூலி விரிப்பு ஒன்றுக்கு 31. நிறுத்தப்பட்ட ஆறு பணியாளர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருப்பதால், கூலியில் பாதி வேலை தொடங்கும் முன்பே வர வேண்டும். விலையில் குறைப்பு இல்லை.

துணி வந்த நாளிலிருந்து அறுபது நாளில் வேலை முடித்துத் தரப்படும். தைத்த விரிப்புகள் நேராக ஆஸ்பத்திரிக் கிடங்குக்குப் போய்விடும், அவற்றை எடுத்துப் போகத் தாங்கள் இங்கு வர வேண்டியதில்லை.

இது குறித்து ஏதேனும் கேட்க வேண்டுமானால் எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு எழுதவும்.

இப்படிக்கு,
உரிமையாளர்